துணியில் தெரிந்த வெள்ளைத் திட்டு: தாய்லாந்தின் வயிற்றுத் தீ ஒற்றடம், ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 58. வட தாய்லாந்தில், சியாங் மாயிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் வரும் ஒரு சிறு நகரத்தின் சந்தையில் ஒட்டரிசிச் சோறும் குச்சியில் குத்திச் சுட்ட பன்றி இறைச்சியும் விற்பவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். பத்தரை மணிக்குப் பாத்திரம் காலியாகும். அதுவரை சர்க்கரை அள்ளிப் போட்ட காபியைத் தவிர வாயில் எதுவும் படாது. பதினொரு மணிக்கு மேல் ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். இருபது ஆண்டுகளாக இதுதான் வழக்கம். கடந்த நான்கு மாதங்களாக மாலையானால் வயிறு மத்தளமாகிவிடுகிறது, ஏப்பம் ஓய்வதில்லை, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறைதான் மலம் கழிகிறது. தொப்புளுக்குக் கீழே எப்போதும் ஈரத்துணி போட்டதுபோல் ஒரு குளிர்ச்சி. “காலையில் செருகிய பா சின் மாலையில் இடுப்பைச் சுற்றி எட்டுவதில்லை” என்றார். பா சின் என்பது அப்பகுதிப் பெண்கள் இடுப்பில் சுற்றிச் செருகும் நெசவுத்துணி. நான் கையோடு கொண்டுபோயிருந்த அளவு நாடாவைவிட அந்தத் துணி நேர்மையான சாட்சி.

நான் சித்த மருத்துவன். அங்குள்ள ஓர் அரசு மருத்துவமனையின் தாய்லாந்து மரபு மருத்துவப் பிரிவில் மூன்று வாரம் பார்வையாளனாக இருந்தேன். பார்ப்பது, எழுதிக்கொள்வது, கேள்வி கேட்டுத் தொல்லை கொடுப்பது ஆகியவைதான் என் வேலை. ஆங்கிலம் தெரிந்த இளம் மருத்துவர் ஒருவர் இரு பக்கமும் மொழிபெயர்த்தார். நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரையும் அடையாளங்களையும் மறைத்திருக்கிறேன். பிரிவில் எல்லோரும் அவரைப் ‘பா’ என்று கூப்பிட்டார்கள். தாய்லாந்து மொழியில் அது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அக்காள் முறை, நம்முடைய பெரியம்மா, பெரிய அத்தை. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவருக்குச் செய்த சிகிச்சையின் பெயர் பாவ் யா. ‘பாவ்’ என்றால் எரிப்பது, ‘யா’ என்றால் மருந்து. இடித்த பச்சை மூலிகையை வயிற்றின் மேல் பரப்பி, ஈரத்துணியால் மூடி, அதன் மேல் ஆல்கஹாலைத் தெளித்துக் கொளுத்துவது. படத்தில் பார்த்தால் யாரையோ உயிரோடு கொளுத்துவதுபோல் இருக்கும். இணையத்தில் சுற்றும் காணொளிகளில் சுடர் எவ்வளவு உயரமோ அவ்வளவு பார்வையாளர்கள். எந்த மூலிகை என்ன வேலை செய்கிறது என்ற ஒரே கேள்வியோடுதான் நான் போனேன். அந்தக் கேள்வியே கோணலானது என்று மூன்றாவது அமர்வில் ஒரு துணி எனக்குக் காட்டிக் கொடுத்தது.

நெருப்புக்கு முன்னால்

50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வயிறு உப்ப ஆரம்பித்தால், வாயு என்று சொல்லிப் பெருங்காயம் கொடுத்து அனுப்பக் கூடாது. சினைப்பைப் புற்றுநோய் பல சமயம் இந்த வேடத்தில்தான் வருகிறது. பாவைப் பார்த்த அன்றே அவரை மாடியிலுள்ள நவீன மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். வயிற்று அல்ட்ராசவுண்ட், இரத்தப் பரிசோதனை, தைராய்டு, மலத்தில் மறை இரத்தம் என்று எல்லாம் முடிந்து, கட்டியோ வயிற்றில் நீர்த் தேக்கமோ இல்லை என்று தாள் கையில் வந்த பிறகே கீழே சேர்த்தார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு மருத்துவமும் இருப்பதன் பயன் இது. தாய்லாந்தில் மரபு மருத்துவத்துக்கென்று சுகாதார அமைச்சகத்தின் கீழ் 2002-இலிருந்து தனித் துறை இருக்கிறது. 2013-இல் தொழில்முறைச் சட்டமும் வந்தது. உரிமம் பெற்றவர்தான் கை வைக்கலாம். இந்த வழக்கில் மிக முக்கியமான சிகிச்சை எது என்று கேட்டால், நெருப்பைவிட அந்த அல்ட்ராசவுண்டைத்தான் சொல்வேன்.

சர்க்கரை இல்லை. இதை இரண்டு முறை சரிபார்த்தார்கள். சர்க்கரை நோயில் நரம்பு மரத்திருந்தால் சூடு தெரியாது, தெரியாவிட்டால் சொல்ல முடியாது. இரத்த அழுத்தம் 132/80. காய்ச்சல் இல்லை. கர்ப்பம், உயர் இரத்த அழுத்தம், ஆறாத அறுவைக் காயம், குடல்வால் அழற்சியோ என்று ஐயப்படவைக்கும் வலி ஆகியவை இருந்தால் அங்கே தீக்குச்சியை எடுப்பதே இல்லை. பாவுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையின் பழைய தழும்பு ஒன்று தொப்புளுக்குக் கீழே இருந்தது. தலைமை மருத்துவர் ஒரு கரண்டியை வெந்நீரிலும் இன்னொன்றைக் குளிர்ந்த நீரிலும் தோய்த்து, பாவைக் கண்ணை மூடச் சொல்லி, வயிற்றில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். தழும்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குச் சூடும் குளிரும் அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை. பேனாவால் அந்த இடத்தை வட்டம் போட்டுக்கொண்டார். அந்தத் தலைமை மருத்துவரை எல்லோரும் ‘ஆஜான்’ என்றார்கள். நம் ஆசாரியர்தான், கடல் கடந்துபோய்க் கொஞ்சம் இளைத்துவிட்டார்.

ஆஜானின் நோய்க்கணிப்பு நமக்குப் பாதி புரியும், பாதி புதிதாக இருக்கும். தாய் மருத்துவம் உடலை மண், நீர், காற்று, நெருப்பு என்று நான்கு தாதுக்களாகப் பிரித்து, அவற்றை முறையே 20, 12, 6, 4 என 42 கூறுகளாக எண்ணுகிறது. ஆகாயத்துக்கு அதில் இடமில்லை. பௌத்தத்தோடு பாலி மொழியில் வந்த கணக்கு இது. தாய் மருத்துவர்கள் தங்கள் ஆதி குருவாக வணங்குவதும் புத்தரின் மருத்துவரான ஜீவகரைத்தான். பிரிவின் மூலையில் அவருடைய சிலை ஒன்று மாலையோடு இருந்தது. காற்று ஆறு வகை. மேலேறும் காற்று, கீழிறங்கும் காற்று, குடலுக்குள் இருக்கும் காற்று, குடலுக்கு வெளியே வயிற்றில் இருக்கும் காற்று, உடலெங்கும் ஓடும் காற்று, மூச்சு. உதானன், அபானன் என்று படித்தவனுக்கு இது பக்கத்து வீட்டு வரைபடம். நெருப்பு நான்கில் ஒன்று உணவைச் செரிக்கும் தீ. அதன் பாலிப் பெயரில் ‘பரிணாமம்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. தாது மிகும், தளரும், கெடும் என மூன்று நிலை உண்டு. பாவுக்குச் செரிமான நெருப்பு தளர்ந்துவிட்டது, குடற்காற்று மிகுந்துவிட்டது என்றார் ஆஜான். “அடுப்பு அணைந்த வீட்டில் கதவு படபடவென்று அடித்துக்கொள்கிறது” என்று பாவுக்கு அதை விளக்கினார். பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

நெருப்பு அவருக்குப் புதிதும் அல்ல. முதல் குழந்தை பிறந்தபோது யூ ஃபாய் இருந்தவர். பிள்ளை பெற்றவள் கணப்பின் அருகே நாள்கணக்கில் படுத்திருக்கும் பழைய வழக்கம் அது. இப்போது அந்தக் கணப்பின் இடத்தைப் பெரும்பாலும் உப்புப் பானை பிடித்துக்கொண்டிருக்கிறது. சிறு மண்பானையில் கல் உப்பைக் காய்ச்சி, அடியில் மூலிகை வைத்துத் துணியில் கட்டி வயிற்றிலும் இடுப்பிலும் ஒற்றுவார்கள். அதில் சேரும் கிழங்குகளில் ஒன்று நம் கஸ்தூரி மஞ்சள்.

உரலில் விழுந்தவை

சித்த மருத்துவத்தின் புற மருத்துவம் 32 வகை. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் பாவ் யாவை எங்கே வைப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். மேலே பற்றுப் போடுவதால் பற்று. சூடு கொடுப்பதால் ஒற்றடம். ஆவி எழுவதால் வேது. மூன்றும் ஒரே படுக்கையில் நடக்கிறது.

ஓர் அமர்வுக்கு என் கண் முன்னால் நிறுத்தது இவ்வளவு: ப்லாய் 500 கிராம், இஞ்சி 300, பேரரத்தை 300, மஞ்சள் 200, எலுமிச்சைப் புல் 200, மக்ரூட் என்னும் சுருக்கத்தோல் எலுமிச்சை நான்கின் தோல், கல் உப்பு ஒரு கைப்பிடி, கற்பூரம் இரண்டு தேக்கரண்டி. எல்லாம் பச்சை. கற்பூரத்தையும் உப்பையும் தவிர மற்றவை அன்று காலைச் சந்தையில் வாங்கியவை. காய்கறிக் கடையில் கறிக்கு வாங்குகிறாரா வயிற்றுக்கு வாங்குகிறாரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ப்லாயை எடுத்துவிட்டால் மிச்சம் ஏறக்குறைய தாய்லாந்துக் குழம்பின் மசாலாதான்.

ப்லாய்தான் இதில் தலைவர். இஞ்சிக் குடும்பத்துக் கிழங்கு. வெளியே இஞ்சியின் அண்ணன்போல் இருக்கும், வெட்டினால் உள்ளே மஞ்சள். நறுக்கும்போது எழும் வாடையில் கற்பூரமும் பச்சை மாங்காயின் பாலும் கலந்திருக்கும். அதன் எண்ணெயில் சபினீன், டெர்பினன்-4-ஆல் ஆகியவையும், சுருக்கமாக டிஎம்பிபிடி என்று அழைக்கப்படும் ஒரு சேர்மமும் உள்ளன. இந்தக் கடைசிப் பொருளுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணம் ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. 14 விழுக்காடு ப்லாய் எண்ணெய் சேர்த்த களிம்பு தாய்லாந்தின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. தசைவலிக்கும் சுளுக்கிற்கும் பூசுகிறார்கள். வாயுவுக்கு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

இஞ்சியும் பேரரத்தையும் நமக்கு அறிமுகம் தேவையில்லாதவை. தாய் மருத்துவம் மருந்தின் சுவையை ஒன்பதாகப் பிரிக்கிறது. அவற்றில் ‘காரச்சூடு’ என்று சொல்லத்தக்க சுவை காற்றைக் கலைப்பது. இரண்டும் அந்த வகை. இஞ்சியை வாயால் உட்கொண்டால் இரைப்பை வேகமாகக் காலியாகிறது என்பது மனிதர்களிடமே சோதித்துப் பார்த்தது. ஆனால் இங்கே இஞ்சி வாய்க்குள் போவதில்லை, தோலின் மேல் கிடக்கிறது. இந்த வேறுபாட்டைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மஞ்சளுக்கும் இதே கதைதான். வயிற்று உப்புசத்துக்கு மஞ்சள் மாத்திரையைத் தாய்லாந்து அரசு மருத்துவமனைகளே தருகின்றன. ஆனால் மஞ்சளின் நிறமியான குர்குமின் முழுதாக விழுங்கினாலே இரத்தத்தில் சரியாக ஏறாது, தோல் வழியாகவா ஏறப்போகிறது? மஞ்சள் இங்கே கறைதான் பிடிக்கும் என்று என் குறிப்பேட்டில் கொஞ்சம் ஏளனமாக எழுதி வைத்தேன். அந்தக் கறைக்குப் பின்னால் வருகிறேன்.

எலுமிச்சைப் புல்லின் வாசம் சிட்ரால். மக்ரூட் பழத்தைச் சாறுக்காக யாரும் வாங்குவதில்லை, தோலுக்காகத்தான். பொடித்த தோலை விரலிடுக்கில் நசுக்கினால் அறை முழுவதும் தெரியும். இதன் தோலில் வெயிலோடு சேர்ந்தால் சருமத்தைப் புண்ணாக்கும் பொருள்களும் உண்டு என்பதால், சிகிச்சை முடிந்ததும் வயிற்றைத் துடைத்துவிட்டு அன்று வெயில் படாமல் இருக்கச் சொல்கிறார்கள். அந்த ஊரில் வயிற்றில் வெயில் படுவது சுற்றுலாப் பயணிக்குத்தான் நேரும்.

கற்பூரத்துக்குத் தாய்லாந்து மொழியில் கராபூன் என்று பெயர். எங்கிருந்து போனது என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு சில இடங்களில் பிம்சேன் என்று ஒன்றையும் சேர்க்கிறார்கள். அது என்ன என்று கேட்டு, முகர்ந்து பார்த்து, கடைசியில் சிரித்துவிட்டேன். நம் நாட்டு மருந்துக் கடைகளில் பீமசேனி கற்பூரம் என்று விற்கும் அதே சரக்கு. பெயரில்கூடப் பீமசேனன் அப்படியே இருக்கிறான். கற்பூரம் என்றால் தட்டில் ஏற்றிக் கொளுத்துவது என்று வளர்ந்தவன் நான். ஆனால் பாவ் யாவில் கற்பூரம் எரியவே கூடாது. அதனால்தான் அதை மேலே தூவாமல் மூலிகைக்குள் கலந்து ஈரத்துணிக்கு அடியில் புதைக்கிறார்கள். சூட்டில் அது ஆவியாகி மூக்கையும் தோலையும் போய்ச் சேர வேண்டும். புது உதவியாளர்களுக்கு ஆஜான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான்.

இடிப்பது கல்லுரலில். மையாக அரைக்கக் கூடாது, நார் நாராகவும் விடக் கூடாது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் சாறு கையில் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. கையைத் திறந்தால் உருண்டை உதிராமல் நிற்க வேண்டும். கொழுக்கட்டைக்கு மாவு பார்ப்பது போன்றது.

படுக்கையில் நடப்பது

பா மல்லாந்து படுத்தார். ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். மறைவுக்காக என்று நினைத்தேன், காரணம் வேறு. ஆல்கஹால் சுடர் வெளிர்நீலம், வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. எங்கே எரிகிறது என்று தெரிய வேண்டுமென்றால் அறை மங்கலாக இருக்க வேண்டும். இதே காரணத்தால் மலிவான தொழிற்சாலைச் சாராயத்தை இதற்குத் தொடக் கூடாது. மெத்தனால் சுடர் இன்னும் மறைவானது, ஆவியும் நஞ்சு.

வயிற்றின் மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி. அதைச் சுற்றி ஈரத்துண்டை முறுக்கி வட்டமாக ஒரு வரப்பு. வரப்புக்குள் மூலிகை, இரண்டு விரல் கனத்துக்கு. தழும்புக்கு மேல் மட்டும் இன்னும் ஒரு விரல். அதற்கு மேல் தண்ணீரில் முக்கிப் பிழிந்த துண்டு. பிறகு துளையிட்ட மூடியுள்ள புட்டியிலிருந்து ஆல்கஹால், நடுவிலிருந்து வெளியே சுருள் சுருளாக, வரப்புக்குச் சற்று உள்ளேயே நிற்கும்படி. புட்டியை மூடி, உதவியாளரிடம் கொடுத்து, அவர் அதை அறைக்கு வெளியே வைத்துவிட்டு வந்த பிறகுதான் ஆஜான் ஜீவகரைப் பார்த்துக் கைகூப்பித் தீக்குச்சியைக் கிழித்தார். இந்த வரிசை ஒரு முறையும் மாறியதில்லை.

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் கைக்குட்டையைச் சாராயமும் தண்ணீரும் கலந்து நனைத்துக் கொளுத்துவார்கள். சுடர் அடங்கினால் கைக்குட்டை அப்படியே இருக்கும். இங்கும் அதே தந்திரம். எரிவது மேலே எழும் ஆல்கஹால் ஆவி. துண்டிலுள்ள தண்ணீர் ஆவியாவதற்கே வெப்பத்தின் பெரும்பகுதி செலவாகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும். மிச்ச வெப்பம் ஈர மூலிகை வழியாக மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. மெல்ல என்பதுதான் ஆபத்து. சுடர் அணைந்த பிறகும் தோலின் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். மனிதத் தோல் 44 பாகை செல்சியஸில் புண்ணாக மணிக்கணக்காகும். 60 பாகையில் சில விநாடி போதும்.

ஆகவே நோயாளி ‘சுடுகிறது’ என்று சொல்லும்போது அணைத்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஆஜான் பாவிடம் இரண்டு சொற்களைக் கொடுத்திருந்தார். இதமாக இருந்தால் ‘உன்’, சுட்டால் ‘ரோன்’. “உன் என்று சொன்னதுமே நான் அணைப்பேன். ரோன் என்ற சொல்லை நான் கேட்கவே கூடாது.” முதல் தடவை கொளுத்தி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பா ‘உன்’ என்றார். கனத்த ஈரத்துண்டு ஒன்று மேலே விழுந்தது, சுடர் போயிற்று. சூடு ஏறி இறங்கும் வரை ஆஜான் துண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். பிறகு மறுபடியும் ஆல்கஹால். இப்படி நான்கு தடவை. மொத்தம் 25 நிமிடம். மூன்றாவது தடவையில் பாவின் வயிற்றுக்குள் கடகடவென்று ஓர் ஓசை, அதைத் தொடர்ந்து நீண்ட ஏப்பம். அறையிலிருந்த எல்லோரும் பரிசு விழுந்ததுபோல் சிரித்தார்கள். இதமான சூட்டில் குடல் தசை தளர்ந்து அசைவு மாறுவது வெந்நீர்ப் பையிலும் நடப்பதுதான் என்று நான் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

மூன்றாவது அமர்வு

முதல் இரண்டு அமர்வுகளில் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது நாள் சந்தையில் ப்லாய் கிடைக்கவில்லை. இருந்தது 150 கிராம். உதவியாளர் கனத்தைச் சரிக்கட்ட எலுமிச்சைப் புல்லை இரண்டு மடங்காக்கினார். அவசரத்தில் புல்லை நீளமாகவே நறுக்கி உரலில் போட்டிருந்தார். நான் அருகிலேயே இருந்தேன், பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது தடவை கொளுத்தியபோது பா வழக்கம்போல் ‘உன்’ என்றார். ஆனால் சற்றுத் தாமதமாக. அணைத்தார்கள். துணியை எடுத்தபோது தொப்புளுக்கு வலப்பக்கம், இடுப்பெலும்புக்கு மூன்று விரல் மேலே, ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு சிவப்பு. உடனே ஓடும் தண்ணீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றி 20 நிமிடம் போட்டார்கள். கொப்புளம் வரவில்லை, இரண்டு நாளில் நிறம் மங்கியது. முதல்நிலைச் சூட்டுக்காயம், அவ்வளவுதான். ஆனால் அது அங்கே நடந்திருக்கக் கூடாது, அந்தப் பிரிவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பா வெட்கப்பட்டார். ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்றது, மற்ற இடமெல்லாம் இதமாகத்தானே இருந்தது, இதற்காக அவ்வளவு பேரையும் பதறவைப்பானேன் என்று இருந்துவிட்டாராம். தாய்லாந்து மொழியில் இதற்குக் கிரெங் ஜாய் என்று ஒரு சொல் இருக்கிறது. பிறருக்குச் சிரமம் தரக் கூசுவது. நம் ஊரில் ஊசி போட்ட இடம் வீங்கினாலும் “பரவாயில்லை டாக்டர்” என்னும் பெரியம்மாக்களை நினைத்துக்கொண்டேன். நோயாளியின் நாக்கை மட்டும் நம்பி நெருப்பு வைக்கும் எந்த முறைக்கும் இது பெரிய ஓட்டை.

காரணத்தை நாங்கள் தேடியது நோயாளியின் வயிற்றில். அது கிடைத்தது கொடியில். வயிற்றின் மேல் போட்டிருந்த பருத்தித் துணியை ஆஜான் ஜன்னலோரக் கொடியில் விரித்துத் திரையை விலக்கினார். ப்லாயும் மஞ்சளும் பட்டு துணி முழுவதும் சீரான மஞ்சளாக இருந்தது. வலப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் நீளவாக்கில் ஒரு வெள்ளைத் திட்டு. புல் நார்கள் வைக்கோல்போர் போல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, அடியில் வெற்றிடம் விட்டிருந்தன. அங்கே கூழ் துணியைத் தொடவே இல்லை. திட்டை வயிற்றின் சிவப்போடு ஒப்பிட்டோம். விரலளவு பிசகாமல் பொருந்தியது. மற்ற இடங்களில் வெப்பம் ஈரக் கூழைச் சூடாக்கி, அதன் வழியாக நிதானமாகத் தோலுக்கு வந்தது. இந்த வெற்றிடத்தில் மேலிருந்து வந்த ஆவி தடையில்லாமல் இறங்கி நேரே தோலின் மேல் நீராகப் படிந்து, தான் சுமந்த வெப்பத்தையெல்லாம் அங்கே கொட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இட்லிப் பானையைத் திறக்கும்போது மணிக்கட்டைச் சுட்டுக்கொண்ட எவருக்கும் இது விளங்கும்.

நான் ஏளனம் செய்த மஞ்சள் கறைதான் அன்று எங்களுக்குச் சாட்சி சொன்னது.

மூலிகை என்ன செய்தது

இந்த இடத்தில் என் கேள்வி தடம் மாறியது. பாவ் யாவில் மூலிகைக்கு முதல் வேலை மருந்தாக இருப்பது அல்ல, சுவராக இருப்பது. நெருப்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒன்றரைக் கிலோ ஈரச் சுவர். ப்லாயும் பேரரத்தையும் இஞ்சியும் சாறு நிறைந்த, தசைப்பற்றுள்ள கிழங்குகள். இடித்தால் ஒன்றோடொன்று ஒட்டித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கூழாகும். எலுமிச்சைப் புல் அப்படி இல்லை. அது வாசத்துக்கு வந்த விருந்தாளி. சூத்திரத்தில் கிழங்குகளின் பங்கு ஏன் முக்கால்வாசிக்கு மேல் என்பதற்கு வேதியியலில் நான் தேடிய விடை, உரலிலேயே இருந்தது. பழைய மருத்துவர்கள் இதைத் தெரிந்து செய்தார்களா, செய்து செய்து கண்டார்களா என்பது வேறு விவாதம். “ப்லாய் இல்லாவிட்டால் அன்று நெருப்பு இல்லை” என்று தன் குரு சொல்வார் என்றார் ஆஜான். அது ப்லாயின் மருத்துவக் குணத்துக்காகச் சொன்னது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாராம்.

இரண்டாவது வேலை மூக்கு வழியாக. கற்பூரம், சிட்ரால், மக்ரூட் தோலின் வாசம் எல்லாம் சேர்ந்த ஆவியை 25 நிமிடம் சுவாசிக்கும் நோயாளி கண்ணை மூடிவிடுகிறார். பா இரண்டாவது அமர்விலேயே குறட்டை விட்டார். விடியற்காலை இரண்டரை மணிக்கு எழுபவருக்கு அது சிறிய நன்மையா என்ன?

தோல் வழியாக மருந்து இறங்குவதை மூன்றாவதாகத்தான் வைப்பேன். கற்பூரம் தோலில் எளிதில் ஊடுருவும். ப்லாய் எண்ணெயும் ஓரளவு போகும். சூடும் ஈரமும் சேர்ந்தால் தோலின் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். ஆனால் வயிற்றுத் தோலில் ஊடுருவியது குடலுக்குள்ளிருக்கும் காற்றைக் கலைத்தது என்று சொல்ல இந்த ஒரு நோயாளியில் எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆஜான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மூலிகையே இல்லாமல் வெறும் ஈரத்துணியில் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். ‘அதற்குப் பெயர் பாவ் யா இல்லை, பாவ் துண்டு’ என்றார்.

விளைவு

நான்காவது அமர்வை நான்கு நாள் தள்ளிப்போட்டு, ஐந்தாவதோடு முடித்தார்கள். மாலை வேளையில் தொப்புள் மட்டத்தில் எடுத்த சுற்றளவு 91.5 செ.மீ.-இலிருந்து 89-க்கு இறங்கியது. உப்புசத்துக்கு 10-க்கு எவ்வளவு என்று கேட்டதில் 7 என்றவர் 3 என்றார். மலம் ஒன்றுவிட்டு ஒரு நாள் கழிந்தது. குளிர்ச்சி போய்விட்டது என்றார். அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. பா சின் எட்டியது.

ஆனால் இதே நாட்களில் வேறு இரண்டும் நடந்தன. காலை ஏழு மணிக்குக் கடையிலேயே ஒரு கிண்ணம் கஞ்சி குடிக்க வேண்டும், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது என்று ஆஜான் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். மருமகள் மேற்பார்வையில் பா அதைக் கடைப்பிடித்தார். அமர்வு நாட்களில் கடையையும் மருமகளே பார்த்துக்கொண்டதால் பா ஐந்து நாள் விடியும் வரை தூங்கினார். கஞ்சி, தூக்கம், சூடு, வாசம், தான் ‘உன்’ என்று சொல்வதைக் கேட்க ஒருவர் காத்திருக்கிறார் என்ற நிம்மதி ஆகிய ஐந்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க ஒரு நோயாளி போதாது. கஞ்சிக்குத்தான் பெரும் பங்கு என்று பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன்.

ஒரு மாதம் கழித்து மொழிபெயர்த்த இளம் மருத்துவர் செய்தி அனுப்பினார். அறுவடைத் திருவிழாக் காலம், கடையில் கூட்டம், கஞ்சி நின்றுவிட்டது; உப்புசம் 5-க்கு ஏறியிருக்கிறது. பா மறுபடியும் நெருப்பு வைக்கச் சொல்கிறாராம். முதலில் கஞ்சி என்று ஆஜான் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதே செய்தியில் ஒரு படமும் இருந்தது. உரலுக்குப் பக்கத்தில் கையால் எழுதிய அட்டை: எலுமிச்சைப் புல் அரை விரற்கணு அளவுக்கு நறுக்கிய பிறகே இடிக்க வேண்டும், ப்லாய் அரைக் கிலோவுக்குக் குறைந்தால் அன்று அமர்வு இல்லை. அதற்கு மேலே கொடியில் நான்கு துணிகள் வெயிலுக்கு எதிரே விரித்துக் கட்டப்பட்டிருந்தன. நான்கும் ஓரம் வரை மஞ்சள்.